கொலஸ்ட்ரால் அறிக்கை: எனக்கு 212, மனைவிக்கு 238. யார் கவலைப்பட வேண்டும்?

குடந்தை வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் நானும் 44 வயதான என் மனைவியும் ரத்தம் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து வந்த அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை.

என் அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 212, நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்.டி.எல். 36, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 265, வி.எல்.டி.எல். 53, எல்.டி.எல். 123 என்று உள்ளது. மனைவியின் அறிக்கையில் மொத்தம் 238, எச்.டி.எல். 68, ட்ரைகிளிசரைடு 90, வி.எல்.டி.எல். 18, எல்.டி.எல். 152. முகாமில் இருந்தவர் 238ஐப் பார்த்ததுமே மனைவியை உடனே மாத்திரை தொடங்கச் சொன்னார். என்னிடம், "உங்களுக்கு எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது, எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் என் தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 112, இடுப்புச் சுற்றளவு 38 அங்குலம், ரத்த அழுத்தம் 134/86. சிகரெட்டை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மனைவிக்கோ சர்க்கரையும் இல்லை, அழுத்தமும் இல்லை; கொஞ்ச காலமாக எப்போதும் அசதியாக இருப்பதாக மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் கனத்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் 'அதிகம்' என்ற குறி இருக்கிறது. கெட்ட கொழுப்பு என்று எல்லோரும் சொல்லும் எல்.டி.எல்.லுக்கு அந்தக் குறி இல்லை. அப்படியானால் அது நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி தனக்கு மொத்தம் 5.4தான் என்கிறான், அந்த எண்ணை எங்கள் எண்களோடு எப்படி ஒப்பிடுவது என்றும் விளங்கவில்லை. முகாமுக்கு முந்தின இரவு ஒரு திருமண வரவேற்பில் பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முட்டையை அன்றோடு நிறுத்திவிட்டேன். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


லேப் அனுபவஸ்தர் எழுதியது:

ஐயா, நான் 22 ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். சிகிச்சையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தாளில் உள்ள எண் எப்படி வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் தாளில் ஐந்து எண்கள் இருந்தாலும் இயந்திரம் அளந்தவை மூன்றுதான்: மொத்தக் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு. மற்ற இரண்டும் கணக்குப் போட்டு எழுதப்பட்டவை என்பது எண்களைப் பார்த்தாலே தெரிகிறது. 265ஐ 5ஆல் வகுத்தால் 53. அதுவே ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் துகள்களில் உள்ள கொலஸ்ட்ரால், அதாவது உங்கள் வி.எல்.டி.எல். 212இலிருந்து 36ஐயும் 53ஐயும் கழித்தால் 123. அதுவே உங்கள் எல்.டி.எல். இந்தக் கணக்கை ஃபிரீடுவால்டு என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1972இல் வெளியிட்டார்கள். எல்.டி.எல்.லைத் தனியே பிரித்து அளக்க அந்தக் காலத்தில் மிக வேகமாகச் சுழலும் பெரிய இயந்திரம் தேவைப்பட்டது. அதைத் தவிர்ப்பதற்காகக் கண்டுபிடித்த குறுக்குவழி இது. ட்ரைகிளிசரைடு குறைவாக உள்ளவர்களுக்கு இது ஏறக்குறைய சரியாக வரும். அது ஏற ஏறப் பிழையும் கூடும். 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கைப் பயன்படுத்தவே கூடாது. ஆகவே மனைவியின் 152ஐ நம்புகிற அளவுக்கு உங்கள் 123ஐ நான் நம்ப மாட்டேன். மறுமுறை சோதிக்கும்போது எல்.டி.எல்.லை நேரடியாக அளக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ட்ரைகிளிசரைடு மிகவும் ஏறிய ரத்தத்தை எண் வருவதற்கு முன்பே கண்ணால் கண்டுகொள்ளலாம். குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே தெளிந்து நிற்கும் சீரம் வழக்கமாக வெளிறிய மஞ்சள் நிறத்தில், மறுபக்கம் தெரியும்படி இருக்கும். ஆயிரத்தைத் தாண்டியவர்களுடைய சீரம் நீர்மோர் போல வெள்ளையாக நிற்கும். சிலருடையதை ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால் காலையில் பாலாடை போல ஒரு படலம் மேலே மிதக்கும். அதைக் கண்டால் நாங்கள் அறிக்கைக்குக் காத்திராமல் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம், ஏனென்றால் அங்கே முதல் பயம் இதயத்தைப் பற்றியது அல்ல, கணையம் வீங்கிவிடுமோ என்பதுதான்.

வரவேற்பு விருந்தைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். ஒன்பது மணி நேரம் கழித்துக் கொடுத்திருப்பதால் பட்டினி நேரம் போதுமானதே. இப்போதெல்லாம் சாதாரணப் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை. சாப்பாட்டினால் மொத்தக் கொலஸ்ட்ராலும் எச்.டி.எல்.லும் அதிகம் மாறுவதில்லை. ட்ரைகிளிசரைடு மட்டும் ஏறும். அது நாளுக்கு நாள் தானாகவே 20 சதவீதம் வரை ஏறி இறங்கக்கூடியது என்பதால், 265 என்று வந்த பிறகு இன்னொரு முறை, விருந்தில்லாத ஒரு வாரத்தில், 12 மணி நேரப் பட்டினிக்குப் பின் பார்ப்பதுதான் முறை. முகாம்களில் வரிசையில் நெடுநேரம் நின்றவர்களை உட்கார வைத்த உடனே ஊசி குத்துவது இன்னொரு கோளாறு: நின்றுகொண்டிருந்தவரின் ரத்தம் சற்றுச் செறிந்திருக்கும், கொலஸ்ட்ராலும் அதற்கேற்பக் கூடுதலாகவே காட்டும். பத்து நிமிடமாவது உட்கார்ந்த பிறகு கொடுங்கள்.

'அதிகம்' என்ற குறியைக் கணினி போடுகிறது. எல்.டி.எல்.லுக்கு 130 என்று எங்கள் மென்பொருளில் பதிந்திருந்தால் 129க்குக் குறி விழாது, 131க்கு விழும். உங்கள் வயதோ, உங்கள் தந்தையின் மாரடைப்போ அந்தக் கணினிக்குத் தெரியாது. தம்பியின் 5.4 வேறு அலகில் உள்ளது. அதை 38.67ஆல் பெருக்கினால் 209 வரும். ஆக அவரும் உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறார். ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் பெருக்க வேண்டிய எண் 88.5.


மதுரை பொது மருத்துவர் எழுதியது:

லேப் நண்பர் எழுதியது அனைத்தும் சரி. அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். இதை மருந்துச் சீட்டாகக் கொள்ளாமல், உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கான குறிப்பாகக் கொள்ளுங்கள்.

மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற எண்ணைப் பார்த்து ஒருவரைப் பயமுறுத்துவதும் ஆறுதல்படுத்துவதும் நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. அந்த எண்ணுக்குள் தீங்கு செய்வதும் செய்யாததும் சேர்ந்தே கிடக்கின்றன. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள்: உங்களுக்கு 212இல் 36 போக 176; உங்கள் மனைவிக்கு 238இல் 68 போக 170. மேலே இருந்தவர் கீழே வந்துவிட்டார். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை இது. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, பட்டினி வேண்டாம், ஃபிரீடுவால்டு கணக்கின் பிழையும் இதில் இல்லை. அப்படியிருந்தும் பல அறிக்கைகளில் இந்த எண்ணை அச்சிடுவதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

கொலஸ்ட்ரால் நீரில் கரையாத பொருள். செல்களின் சவ்வுக்கும், ஹார்மோன்களுக்கும், பித்த அமிலத்துக்கும், வைட்டமின் டி உருவாவதற்கும் அது வேண்டும் என்பதால் கல்லீரல் அதை ஓயாமல் தயாரிக்கிறது. புரதம் போர்த்திய நுண்ணிய துகள்களில் ஏற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. நாம் அளப்பது சரக்கின் எடையை. சுவருக்குள் புகுந்து கெடுதல் செய்வதோ வண்டிகள். தஞ்சை மாவட்டத்துக்காரரான உங்களுக்கு நெல் கணக்கில் சொல்வதென்றால், நூறு மூட்டையைப் பத்து வண்டியில் ஏற்றினாலும் முப்பது வண்டியில் ஏற்றினாலும் எடைமேடை காட்டும் நெல்லின் எடை ஒன்றுதான், ஆனால் சாலையில் நெருக்குவது முப்பது வண்டிகள். ட்ரைகிளிசரைடு ஏறியவர்களிடம் நடப்பது இதுவே. அவர்களுடைய எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, ஒவ்வொன்றும் குறைந்த சரக்கோடு, எண்ணிக்கையில் பெருகிவிடுகின்றன. அதே போக்கில் எச்.டி.எல். துகள்களும் ட்ரைகிளிசரைடை வாங்கிக்கொண்டு சீக்கிரமே சிதைந்துபோகின்றன. ஆகவே உங்கள் 36ம் 265ம் இரண்டு தனித்தனி நோய்கள் அல்ல. இடுப்பின் 38 அங்குலத்தோடும் சர்க்கரையின் 112ஓடும் சேர்ந்த ஒரே கதை. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலின் கையெழுத்து அது. வண்டிகளை எண்ண வேண்டுமானால் அப்போ-பி என்ற பரிசோதனை உண்டு. ஒவ்வொரு துகளுக்கும் ஒரே ஓர் அப்போ-பி என்பதால் கணக்கு நேராக வரும்.

இந்தக் கதை உங்களுக்கு மட்டும் உரியது அல்ல. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதில் 72.3 சதவீதத்தினருக்கு எச்.டி.எல். குறைவாகவும், 29.5 சதவீதத்தினருக்கு ட்ரைகிளிசரைடு அதிகமாகவும் இருந்தன. மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்களோ 13.9 சதவீதம்தான். மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் நம் மக்களில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆனால் 52 நாடுகளை உள்ளடக்கிய இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53; மற்றவர்களுக்கு 58.8.

உங்கள் விஷயத்தில் தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பது பெரிய செய்தி. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபத்துக் குறைந்தவர்களுக்கே எல்.டி.எல். 100க்குக் கீழும், அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 70க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 55க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே குறி விழாத உங்கள் 123ஐ நல்ல எண் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாத சர்க்கரை அளவான எச்பிஏ1சி, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அதோடு லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ஒன்றையும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பாருங்கள். அது பரம்பரையாக வருவது. உணவுக்கோ நடைப்பயிற்சிக்கோ அசையாது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எண்களை இன்னும் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். இளம் வயதில் மாரடைப்பு வந்த குடும்பங்களில் பல நேரம் அதுவே ஒளிந்திருக்கிறது.

உங்கள் மனைவியின் 152ம் அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல. எச்.டி.எல். 68 இருக்கிறதே என்று அதைக் கேடயமாகக் கொள்ளவும் கூடாது. எச்.டி.எல்.லை மருந்தால் உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்புக் குறையவில்லை. ஆனால் 44 வயதுப் பெண், எப்போதும் அசதி, எல்.டி.எல். ஏற்றம் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு முன்னால் தைராய்டைப் பார்க்கும் டி.எஸ்.எச். பரிசோதனைதான் என் நினைவுக்கு வருகிறது. தைராய்டு மந்தமானால் கல்லீரல் எல்.டி.எல்.லை உள்வாங்குவதும் மந்தமாகும். அதைச் சரிசெய்யாமல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைக் கொடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடும். இதைப் பாராமல் முகாமில் மாத்திரை எழுதச் சொன்னது அவசரம் என்றே நினைக்கிறேன்.


மரபு உணவு ஆர்வலர் எழுதியது:

மருத்துவர் ஐயா மன்னிக்க வேண்டும். மூளையில் நிறைந்திருப்பதே கொலஸ்ட்ரால் என்கிறார்கள். நம் தாத்தாக்கள் நெய்யும் நல்லெண்ணெயும் ஊற்றிச் சாப்பிட்டு எண்பது வயது வரை வாழ்ந்தார்கள். முன்பு 240 வரை சரி என்றவர்கள் பிறகு 200 என்றார்கள், இப்போது எல்.டி.எல். 55 வரை இறங்கிவிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களில் பலருக்குக் கொலஸ்ட்ரால் சரியாகவே இருந்திருக்கிறது. வயதானவர்களில் கொலஸ்ட்ரால் குறைந்தவர்களே அதிகம் இறப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரை விற்பதற்காக எல்லைக்கோட்டை நகர்த்துகிறார்கள் என்று சந்தேகிப்பதில் என்ன தவறு?


மதுரை பொது மருத்துவர் எழுதியது:

சந்தேகிப்பதில் தவறே இல்லை. நீங்கள் சொன்னவற்றில் சில உண்மையும்கூட. அவற்றிலிருந்து எடுத்த முடிவில்தான் வேறுபடுகிறேன்.

மூளைக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை மூளையே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். அங்கே நுழைவதில்லை. பிறந்த குழந்தையின் எல்.டி.எல். 30ஐ ஒட்டியே இருக்கும், அந்த அளவோடுதான் அதன் மூளை வளர்கிறது. முதியவர்களைப் பற்றிய ஆய்வுகள் உண்மை; ஆனால் புற்றுநோய், கல்லீரல் நோய், சரியான சாப்பாடு இல்லாமை ஆகியவை கொலஸ்ட்ராலைத் தாமாகவே இறக்கிவிடும். நோய் வந்ததால் எண் குறைந்ததா, எண் குறைந்ததால் நோய் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதைப் பிரித்துக் காட்டியது மாத்திரையே இல்லாத ஓர் ஆய்வு. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தோடு பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் எல்.டி.எல். குறைவாக இருக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களில் அத்தகையோரை நீண்ட காலம் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு. இதயக் குழாய் நோயோ 88 சதவீதம் குறைவு. அவர்களிடம் யாரும் எதையும் விற்கவில்லை. எத்தனை குறைவு என்பதைப் போலவே எத்தனை ஆண்டுகளாகக் குறைவு என்பதும் முக்கியம் என்பதை அதிலிருந்து கற்றோம். எல்லைக்கோடு இறங்கியதற்கு இத்தகைய சான்றுகளும் காரணம். ஸ்டாட்டின் மருந்தைப் பொறுத்தவரை, ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1994இல் வந்தது. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேரும், சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களில் 182 பேரும் இறந்தார்கள். இறப்புகளை எண்ணுவதில் எல்லைக்கோட்டுக்கு வேலையே இல்லை.

மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் சரியாக இருந்தது என்பதற்கு இந்தத் திரியின் தொடக்கமே பதில். 'சரி' என்று எதைச் சொன்னோம்? ஊரில் பெரும்பாலோருக்கு இருப்பதைச் சொன்னோம். தவிர, மாரடைப்பு வந்து ஒரு நாள் கழிந்த பிறகு ரத்தம் எடுத்தால் எல்.டி.எல். இறங்கியே காட்டும்.

தாத்தாக்கள் நெய் சாப்பிட்டார்கள், ஏர் பிடித்தார்கள், பத்து மைல் நடந்தார்கள். அவர்களில் எண்பது வரை வாழ்ந்தவர்களையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


ஓய்வு பெற்ற ஆசிரியர் எழுதியது:

என் அனுபவத்தில் நடந்த ஒரு தவற்றைச் சொன்னால் யாருக்கேனும் பயன்படலாம். எனக்கு 61 வயதில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடார்வாஸ்டாட்டின் 40 எழுதிக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து எல்.டி.எல். 58 என்று வந்தது. குணமாகிவிட்டது என்று நானே முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். நான்கு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக எடுத்த ரத்தத்தில் அது 131. அந்த 58 என்னுடைய எண் அல்ல, மாத்திரையின் எண் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் நான்.

நிறுத்தியதற்கு இன்னொரு காரணம் தொடையில் வலி. மாத்திரையால்தான் என்று உறுதியாக நம்பினேன். மருத்துவர் மறுக்கவில்லை, மருந்தை மாற்றி, ரோசுவாஸ்டாட்டினைக் குறைந்த அளவில் தொடங்கி, எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையையும் சேர்த்தார். மாடிப்படி ஏறும்போது வரும் அந்த வலி இப்போதும் எப்போதாவது வருகிறது. மாத்திரை இல்லாத அந்த நான்கு மாதங்களிலும் அது வந்ததா என்று மனைவியைக் கேட்டேன். "வந்தது, அப்போது வெயிலைக் குறை சொன்னீர்கள்" என்றாள்.


உணவியல் பேராசிரியை எழுதியது:

குடந்தை சகோதரருக்கு ஒரு கேள்வி: முட்டையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள்? என் மாணவிகள் கள ஆய்வுக்குப் போகும்போது இதைத் தவறாமல் கேட்கச் சொல்வேன். பத்தில் எட்டு வீடுகளில் இரண்டு இட்லி கூடுதலாக என்றோ, பாலோடு நான்கு பிஸ்கட் என்றோ பதில் வரும். உங்கள் அறிக்கையில் ஏறி நிற்பது ட்ரைகிளிசரைடு. அதை முட்டை ஏற்றவில்லை. கல்லீரலால் செலவழிக்க முடியாத மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏற்றியிருக்கின்றன. மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதுவும் இதில் சேரும். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் 180 மில்லிகிராம் அளவில் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. ஆனால் உண்ணும் கொலஸ்ட்ராலைவிட உண்ணும் நிறைவுற்ற கொழுப்புதான் ரத்தத்தின் எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றுகிறது. நாளுக்கு ஒன்று உங்களைக் கெடுக்காது.

எண்ணெய் உறைகளில் 'கொலஸ்ட்ரால் அற்றது' என்று இதயப் படத்தோடு அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருந்ததில்லை. தண்ணீர்ப் புட்டியிலும் அப்படி எழுதலாம். பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் பங்கை. தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம், பாமாயிலில் ஏறக்குறையப் பாதி, கடலை எண்ணெயில் 20க்குள், நல்லெண்ணெயில் சுமார் 15. செக்கில் ஆட்டினாலும் இந்தப் பங்கு மாறாது. நியாய விலைக் கடைப் பாமாயிலைத் தவிர்க்க முடியாத வீடுகளுக்கு அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அளவைக் குறைப்பதுதான் வழி. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் இரண்டரை லிட்டருக்குள் முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் மனைவியின் எல்.டி.எல்.லுக்கு எண்ணெயின் வகை பொருட்டாகும். உங்கள் ட்ரைகிளிசரைடுக்குத் தட்டில் உள்ள சோற்றின் குவியலே பொருட்டாகும். ஒரே அடுப்பில் சமைத்தாலும் இருவருக்கும் அறிவுரை ஒன்றல்ல.

சோற்றைப் பாதியாக்கிவிட்டு வயிறு காயச் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒரு கிண்ணம் கூட்டுப் பயறோ கொண்டைக்கடலையோ, வெண்டைக்காயோ அவரைக்காயோ வரட்டும். மீன் உண்பவராக இருந்தால் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாரம் இரு முறை, வறுக்காமல் குழம்பாக. அலுவலகத்தில் குடிக்கும் தேநீரையும் அதில் விழும் சர்க்கரையையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்கு இறங்கும்.


குடந்தை வாசகன் எழுதியது:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். பேராசிரியை அம்மா ஊகித்தது சரி: முட்டைக்குப் பதில் இரண்டு இட்லிதான். தேநீர்க் கணக்கு நாளுக்கு ஆறு என்று வந்தது. இப்போது இரண்டு, சர்க்கரை இல்லாமல். எடை 78 கிலோவிலிருந்து 73.5க்கு இறங்கியிருக்கிறது.

பட்டினியோடு, வரிசையில் நிற்காமல், உட்கார்ந்து கொடுத்த ரத்தத்தில் மொத்தம் 196, எச்.டி.எல். 39, ட்ரைகிளிசரைடு 158, எல்.டி.எல். 125. முதலில் மனம் சோர்ந்துவிட்டது. இத்தனை பாடுபட்டும் எல்.டி.எல். இரண்டு கூடியிருக்கிறதே என்று. பிறகு மருத்துவர் சொன்ன கழித்தலைப் போட்டேன்: 196இல் 39 போக 157. முன்பு 176. எச்பிஏ1சி 5.8. லிப்போபுரோட்டீன்-ஏ 62 வந்திருக்கிறது. இங்கே நான் பார்க்கும் மருத்துவர் அதையும் தந்தையின் வயதையும் சேர்த்துப் பார்த்து ரோசுவாஸ்டாட்டின் 10 எழுதியிருக்கிறார். எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

மனைவிக்கு டி.எஸ்.எச். 14.2, அதாவது தைராய்டு மந்தம்தான். கொலஸ்ட்ராலுக்கு எதுவும் தராமல் தைராக்சின் மட்டும் தொடங்கியிருக்கிறார்கள். எண் எப்படி இருக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை. ஆனால் பிற்பகலில் படுத்தே ஆக வேண்டும் என்று இருந்தவர் சென்ற ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தம்பியிடமும் அந்த லிப்போபுரோட்டீன்-ஏ பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்லிவிட்டேன். அலகு என்ன என்று முதலிலேயே கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.


லேப் அனுபவஸ்தர் எழுதியது:

எல்.டி.எல். இரண்டு கூடியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்த வித்தியாசம் எங்கள் இயந்திரத்துக்கே தெரியாது. ட்ரைகிளிசரைடு இறங்கும்போது கழிக்கும் தொகை 53இலிருந்து 32ஆகக் குறைகிறது, அதனால் மீதி கூடினாற்போலத் தெரிகிறது. தம்பியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: லிப்போபுரோட்டீன்-ஏக்கு இரண்டு அலகுகள் உண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றத் திட்டவட்டமான பெருக்கல் எண் கிடையாது. அவருடைய எண்ணை உங்கள் 62ஓடு வைத்துப் பார்க்காமல், அவருடைய அறிக்கையில் உள்ள எல்லையோடு மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.